ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்றால், ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் கர்ப்பகால பிரஷர் வராதுதானே?

மார்ச் 2, இரவு 9.40 (கேள்வி)

மனைவிக்கு இப்போது 11 வாரம். முதல் கர்ப்பத்தில் 35-வது வாரத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கே பார்த்தாலும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் மூலகாரணம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் வைட்டமின் சி, ஈ இரண்டையும் அதிக டோஸில் இப்போதே தொடங்கிவிட்டால் வேலை முடிந்தது இல்லையா? டாக்டர் அதை எழுதவே இல்லை. ஆஸ்பிரின் மட்டும் எழுதியிருக்கிறார். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை கர்ப்பிணிக்கு எதற்கு?

மார்ச் 2, இரவு 11.05

வைட்டமின் டப்பாவைத் திறக்காதீர்கள். ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

மார்ச் 3, காலை 6.20

நான் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவள். ஆனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தாயிற்று. 2004-ல் ஆய்வகத்தில் நின்று இதை அளந்தேன். 2009-ல் நானே இதில் விழுந்து படுத்தேன்.

முதலில் ஆய்வகம். எண்ணெயை நாள்பட வைத்தால் காறிப்போகிறதே, அதே வேலை உடம்புக்குள் செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பிலும் நடக்கும். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் முரட்டு மூலக்கூறுகள் ஃப்ரீ ராடிக்கல்கள். அவற்றை அடக்கி வைக்கும் நொதிகளும் வைட்டமின்களும் உடம்பில் உண்டு. முரடர்கள் கூடி, அடக்குகிறவர்கள் குறைந்தால் அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். கொழுப்பு காறும்போது மாலோன்டைஆல்டிஹைடு என்ற துண்டு உதிரும். அதை அளந்தால் எவ்வளவு காறியிருக்கிறது என்று ஓரளவுக்குத் தெரியும்.

பிரசவமான பெண்களின் நஞ்சுக்கொடியிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, அரைத்து, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு கலந்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைப்போம். ஆறவிட்டுத் தூக்கிப் பார்த்தால் டெஸ்ட் டியூபில் இளஞ்சிவப்பு. ஆரோக்கியமான பெண்ணுடையது வெளிறிய ரோஜா இதழ் மாதிரி. பிரஷர் வந்தவருடையது ஒரு பிடி அழுத்தமான சிவப்பு. கருவியில் 532 நானோமீட்டரில் வைத்து எண் எடுப்பதற்கு முன்னாலேயே கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். அந்த வயதில் அதைப் பார்த்தபோது நோயையே கையில் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 1999-ல் லண்டனிலிருந்து ஒரு ஆய்வு வந்திருந்தது. அபாயம் அதிகமுள்ள 283 பெண்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ. மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக் குழுவில் 17 சதவீதம் பேருக்கு ப்ரீ எக்லாம்ப்சியா (உங்கள் மனைவிக்கு முதல் கர்ப்பத்தில் வந்த அதே பிரஷர் நோய்) வந்தது, வைட்டமின் குழுவில் 8 சதவீதம். பாதிக்கும் கீழே! நீங்கள் இன்று கேட்கும் கேள்வியை அன்று உலகமே கேட்டது. பதிலும் வந்துவிட்டது. அது அப்புறம்.

மார்ச் 3, மதியம் 1.15

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: ஸ்ட்ரெஸ் என்றால் ஆபீஸ் டென்ஷனா, மனைவியை வேலையை விடச் சொல்லட்டுமா என்று.

விடச் சொல்லாதீர்கள், அப்புறம் வேறு விதமான ஸ்ட்ரெஸ் வரும். இந்தக் குழப்பத்துக்குத் தமிழும் ஒரு காரணம். பிரஷருக்கு ரத்த அழுத்தம். கவலைக்கு மன அழுத்தம். இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம். மூன்றுக்கும் ஒரே வால். என் கர்ப்பத்தின்போது வீட்டில் எல்லோரும் "டென்ஷன் ஆகாதே, பிரஷர் ஏறும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை டென்ஷன் ஆக்கினார்கள். நோய் வந்த பிறகு, நான்தான் கவலைப்பட்டு வரவழைத்துக்கொண்டேன் என்று முடிவும் கட்டினார்கள். இல்லை. இது நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கிற நோய். மனதை நிம்மதியாக வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் வராததற்கு நிம்மதியும் காரணம் இல்லை, வந்ததற்குக் கவலையும் காரணம் இல்லை.

மார்ச் 4, இரவு 10.30

இனி, எப்படி ஆரம்பிக்கிறது என்பது. இது கொஞ்சம் நீளும்.

கருப்பையின் சுவரில் திருகுசுருளாகச் சின்னச் சின்னத் தமனிகள் இருக்கின்றன. கர்ப்பம் இல்லாதபோது ஒடுக்கமானவை, தசைச் சுவர் உள்ளவை, சுருங்கி விரியக் கூடியவை. கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் இந்தக் குழாய்களுக்குள் இறங்கி, தசைச் சுவரைக் கரைத்து, வாயை அகலப் புனல் மாதிரி ஆக்கிவிடும். அதன் பிறகு தாய் பயந்தாலும் ஓடினாலும் அந்தக் குழாய் சுருங்காது. ரத்தம் நிதானமாக வந்து தேங்கும், பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

சிலருக்கு இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழாய் ஒடுக்கமாகவே இருக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அப்படி ரத்தம் வந்து அடிக்கும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் வர வேண்டியது 1 மீட்டருக்கு மேல் பாயலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தசை கரையாததால் அவ்வப்போது குழாய் சுருங்கவும் செய்யும். சுருங்கினால் பட்டினி, விரிந்தால் திடீர் விருந்து. மாரடைப்பில் அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும்போது இதயத் தசையே காயப்படும் என்பார்கள். அதே கதை இங்கே நாள் முழுக்க, வாரக்கணக்கில். ஆக்சிஜன் இல்லாமை பாதி, ஆக்சிஜன் திரும்பி வருவது பாதி என்று முரட்டு மூலக்கூறுகள் பெருகுகின்றன.

ஆக, கேட்டவர் படித்தது பொய் இல்லை. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் நிஜம். அது எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்குப் பின்னால் வருகிறது என்பதில்தான் சூட்சுமம்.

பிள்ளைக்கு இதில் பங்கில்லை என்பதற்கு ஒரு சான்று: முத்துப்பிள்ளை கர்ப்பம். பிள்ளையே உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் திராட்சைக் கொத்து மாதிரி வளர்ந்தாலும் இந்தப் பிரஷர் வரும், அதுவும் சீக்கிரமாகவே வரும்.

மார்ச் 5, காலை 7.00

நஞ்சுக்கொடி என்றால் தொப்புள்கொடி அல்லவா என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ஆமாம், அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொன்னது பிள்ளைக்குப் பின்னால் வெளியே வரும் தட்டு மாதிரியான உறுப்பு. வெறுமனே நஞ்சு என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த வார்த்தையே விசித்திரம். மேல்நாட்டு டாக்டர்கள் வெகுகாலம் இந்த நோயை டாக்சீமியா, அதாவது ரத்தத்தில் நஞ்சு கலந்த நோய் என்றே அழைத்தார்கள். அந்த நஞ்சு எது என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். 2003-ல்தான் உருப்படியாக ஒன்று அகப்பட்டது. எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதம். அடிபட்ட நஞ்சிலிருந்து அது தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தக் குழாயின் உள்வரியைப் பேணிக் காக்கும் புரதங்கள் இரண்டு, விஇஜிஎஃப், பிஎல்ஜிஎஃப். அவற்றைத் தாயின் ரத்தத்திலேயே பிடித்துக் கட்டிப்போடுகிறது. காவல் போன குழாய்கள் இறுகினால் பிரஷர், சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையானால் புரதம், மூளைக் குழாய்கள் கசிந்தால் வலிப்பு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தும் விஇஜிஎஃபைத்தான் கட்டிப்போடும். அதை எடுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு, கர்ப்பமே இல்லாமல், பிரஷரும் சிறுநீரில் புரதமும் வருவதுண்டு. இதைப் படித்தபோது எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மார்ச் 6, இரவு 9.50

பதில் வந்துவிட்டது என்றேனே, அது.

283 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்று பெரிய ஆய்வுகள் நடந்தன. அதே சி 1000, அதே ஈ 400. 2006-ல் பிரிட்டனில் 2410 பெண்கள், எல்லோரும் அபாயம் உள்ளவர்கள். வைட்டமின் குழுவில் 15 சதவீதம், வெற்றுக் குழுவில் 16 சதவீதம். அதாவது ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை, வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் கூடுதல், 24-க்கு 28 சதவீதம். அதே வருடம் ஆஸ்திரேலியாவில் 1877 பேர், முதல் பிள்ளைக்காரிகள். 6-க்கு 5, அதுவும் தலைகீழாக, வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு 6. 2010-ல் அமெரிக்காவில் 10,154 பேர். 7.2-க்கு 6.7, அதிலும் வைட்டமின் பக்கம்தான் கூடுதல். இந்த வித்தியாசங்கள் தற்செயலாக வரக்கூடிய அளவுதான், வைட்டமின் நோயை வரவழைக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். ஆனால் தடுக்கவில்லை என்பது அடித்துச் சொன்ன மாதிரி. உலக சுகாதார நிறுவனமும் இதற்காக சி, ஈ கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

உங்கள் டாக்டர் எழுதாததற்குக் காரணம் இதுதான். மறந்துபோய் விடவில்லை.

ஏன் தோற்றது? என் கணிப்பு, தாமதமாகத் தொடங்கினார்கள். குழாய் வேலை அரைகுறையாக நின்றுபோவது கர்ப்பத்தின் முதல் பாதியில். மாத்திரை தொடங்கியது 14 வாரத்துக்கு மேல். வெள்ளம் வந்த பிறகு அணை கட்டினால் என்ன பலன்.

மார்ச் 7, காலை 6.45

நேற்று எழுதிய கடைசிப் பத்தி தப்பு. படுக்கையில் போய் விழுந்த பிறகு ஞாபகம் வந்தது. 14 வாரம் என்பது பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆய்வுகளுக்குப் பொருந்தும். 2010 அமெரிக்க ஆய்வில் 9 முதல் 16 வாரத்துக்குள் தொடங்கினார்கள். அதுவும் தோற்றது. ஆகவே தாமதம் என்ற சாக்கு மட்டும் போதாது. அணை உவமையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 7, இரவு 10.10

வேதியியல் பக்கமிருந்து யோசித்தால் எனக்குத் திருப்தியான காரணம் வேறு.

ரத்தக் குழாய்கள் தளர்ந்து இருக்க நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு தேவை. குழாயின் உள்வரியே அதைச் சுரக்கிறது. சூப்பர் ஆக்சைடு என்ற முரடன் வந்தால் நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். குழாயைத் தளர்த்துவதும் போச்சு, கூடவே இன்னொரு விஷமும் உண்டாச்சு. இந்த இரண்டும் சேரும் வேகம் இருக்கிறதே, மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்டாலே போதும் என்ற அளவு. வைட்டமின் சி சூப்பர் ஆக்சைடைப் பிடிக்கும் வேகம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெது. அந்தப் பந்தயத்தில் வைட்டமின் ஜெயிக்க வேண்டுமென்றால் மாத்திரையில் கொடுக்க முடியாத அளவு வேண்டும்.

இன்னொன்று, இந்த முரடர்கள் எப்போதும் முரடர்கள் இல்லை. அளவோடு இருந்தால் செல்களுக்குள் சேதி சொல்லும் ஆட்கள். முதல் மூன்று மாதம் கரு ஆக்சிஜன் குறைவான சூழலில்தான் வளர்கிறது. 8-வது வாரத்தில் நஞ்சில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசம், 12-வது வாரத்தில் சுமார் 60. (அழுத்தம் எண் 4!) மூன்று மடங்கு ஏற்றம். அந்த ஏற்றமே நஞ்சுக்கு ஓர் அதிர்ச்சி, அந்த அதிர்ச்சியில்தான் அது தன் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. எதிர்ப்பதெல்லாம் நல்லது என்று வெளியிலிருந்து அள்ளிக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

மார்ச் 9, இரவு 8.30

ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் மட்டுமே காரணம் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு புதிர். சிகரெட் புகையைவிட ஃப்ரீ ராடிக்கல் நிறைந்தது எது? அப்படியென்றால் புகைக்கும் பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வர வேண்டும். ஆனால் ஆய்வுக்கு மேல் ஆய்வாக, புகைப்பவர்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வருகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு எஸ்எஃப்எல்டி-1-ஐக் குறைப்பதாக இருக்கலாம் என்று ஒரு கருத்து.

மார்ச் 9, இரவு 8.55

எழுதிவிட்டுப் பயமாக இருக்கிறது, யாராவது பற்ற வைத்துவிடப் போகிறீர்கள். புகைப்பதால் பிள்ளையின் எடை குறையும், நஞ்சு முன்கூட்டியே பிரியும், பிள்ளை இறந்தே பிறக்கும் அபாயமும் கூடும். புதிர் புதிராகவே இருக்கட்டும்.

மார்ச் 10, இரவு 11.30

என் கதை கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009. முதல் பிள்ளை. ஆய்வு வேலையை விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த இளஞ்சிவப்பு டியூப் கண்ணிலேயே நின்றது. டாக்டரிடம் சொல்லாமல் சி-யும் ஈ-யும் நானாக வாங்கிப் போட்டுக்கொண்டேன். 2006-லேயே பெரிய ஆய்வு வந்து பொய்த்துவிட்டது என்பது தெரியாது. இதே துறையில் ஆய்வேடு எழுதியவள், மூன்று வருடத்து முடிவைப் படிக்காமல் மாத்திரை விழுங்கினேன். இந்த இழையில் நான் கொஞ்சம் சூடாக எழுதுவது கேள்வி கேட்டவர் மேலான கோபத்தில் இல்லை.

32-வது வாரப் பரிசோதனையில் பிரஷர் 144/92. "மாடி ஏறி வந்ததால இருக்கும்" என்று இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார்கள். 138/88. இரண்டாவதை மட்டும் அட்டையில் எழுதினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. அடுத்த பத்து நாளில் மோதிரம் கழலவில்லை. எல்லோருக்கும் கால் வீங்கும், எனக்கு முகம் வீங்கியது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தேன். 34-வது வாரத்தில் ஒரு ராத்திரி நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்கமாக வலி. கேஸ் என்று நினைத்து அதற்கொரு மாத்திரை. தலைவலிக்கு ஒரு மாத்திரை. விடிகாலையில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தால் முள்ளைச் சுற்றி மினுமினுப்பு.

ஆஸ்பத்திரியில் 172/114. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 82 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தன, கல்லீரல் நொதிகள் எகிறியிருந்தன. கேஸ் என்று நான் நினைத்தது கல்லீரல் வீங்கிய வலி. ரத்த அணுக்கள் சிதைவது, கல்லீரல் நொதி ஏறுவது, தட்டணு இறங்குவது மூன்றும் சேர்ந்தால் ஹெல்ப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உதவிக்குக் கூப்பிடுகிற மாதிரியே.

வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போட்டார்கள். அது ஏறும்போது உள்ளேயிருந்து அடுப்பைப் பற்ற வைத்தது போல ஒரு சூடு, கழுத்தில் தொடங்கி அடிவயிறு வரை. அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டுவார். கால் துள்ளினால் தலையசைத்துவிட்டுப் போவார். துள்ளல் நின்றால் மருந்து அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம், அடுத்து மூச்சு நிற்கும். மூச்சையும் எண்ணினார், சிறுநீரையும் அளந்து எழுதினார். அந்த ராத்திரி முழுக்க என் கால் துள்ளுகிறதா என்பதே எனக்கு ஒரே கவலை.

பிள்ளை 1.9 கிலோ. இன்று என்னைவிட உயரம்.

மார்ச் 11, காலை 7.15

நேற்றைய பதிவைப் பார்த்துவிட்டு, வீட்டில் மிஷின் வாங்கட்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாங்குங்கள். ஆனால் கர்ப்பிணிகளிடம் சோதித்து ஒப்புதல் பெற்ற மாடலா என்று பாருங்கள். இந்த நோயில் சில தானியங்கி மிஷின்கள் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆஸ்பத்திரி மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தரம் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

அளக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகுக்குச் சாய்மானம், கால்கள் தரையில், பட்டை இதய உயரத்தில், துணிக்கு மேலே இல்லாமல் தோலின் மேல். பேசக் கூடாது. கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால் பொய்யாக ஏறிக் காட்டும். 20 வாரத்துக்கு மேல் 140/90-ஐத் தொட்டால், நாலு மணி நேரம் விட்டு இன்னொரு தரம் பார்த்தும் அப்படியே இருந்தால், அது கர்ப்பகால பிரஷர். 160/110 என்றால் காத்திருக்கிற வேலையே இல்லை, உடனே கிளம்ப வேண்டும். சிறுநீரில் புரதம் இல்லையே என்று ஆறுதல் அடையவும் கூடாது. புரதம் இல்லாமலும் கல்லீரலையோ மூளையையோ தொடும் என்பதை 2013-லிருந்து அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எனக்கு இரண்டே நிமிடத்தில் மறு அளவை எடுத்தார்கள் என்றேன். அதில் தப்பு மறுபடி அளந்தது இல்லை. முதல் எண்ணை எழுதாமல் விட்டது. அது எழுதப்பட்டிருந்தால் அடுத்த வாரமே கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்.

மார்ச் 13, இரவு 9.00

ஆஸ்பிரின், கடைசியில்.

நஞ்சுக்குப் போகும் குழாய்களில் தட்டணுக்கள் கூடி அடைப்பதையும் குழாய் சுருங்குவதையும் சின்ன டோஸ் ஆஸ்பிரின் குறைக்கிறது. 2017-ல் வந்த ஆய்வில் முதல் மூன்று மாதப் பரிசோதனையில் அபாயம் அதிகம் என்று தெரிந்த 1776 பெண்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை ராத்திரியில் 150 மில்லிகிராம். 37 வாரத்துக்கு முன்னால் வரும் ப்ரீ எக்லாம்ப்சியா வெற்றுக் குழுவில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 1.6. மாதம் நிறைந்த பிறகு வருவதை அது குறைக்கவில்லை. ஆனால் ஆபத்தானது முன்னால் வருவதுதானே. 16 வாரத்துக்குள் தொடங்குவது முக்கியம். உங்கள் மனைவி 11 வாரத்தில் இருக்கிறார், முன்பு ஒரு முறை வந்திருக்கிறது. உங்கள் டாக்டர் சரியான நேரத்தில் சரியான மாத்திரையை எழுதியிருக்கிறார். எத்தனை மில்லிகிராம் என்பது அவர் சொன்னபடி. ஊருக்கு ஊர் 75, 81, 150 என்று மாறும்.

கால்சியமும் கேளுங்கள். உணவில் கால்சியம் குறைவாக உள்ள இடங்களில் தினம் 1.5 முதல் 2 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. அவ்வளவு பெரிய மாத்திரைகளை மூன்று வேளை விழுங்க யாருக்குப் பொறுமை. இந்தியாவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து, 500 மில்லிகிராமே 1500-க்குச் சளைத்ததில்லை என்று 2024-ல் முடிவு வெளியானது.

மார்ச் 15, காலை 6.30

மார்ச் 3-ல் எழுதிய டியூப் கதையில் இரண்டு ஓட்டை. சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

ஒன்று, அந்தச் சிவப்பு நிறம் மாலோன்டைஆல்டிஹைடுக்கு மட்டும் வருவதில்லை. சர்க்கரை, பிலிருபின் எல்லாம் கொஞ்சம் சிவக்கும். ரத்தம் கலந்த மாதிரியும் கூடுதலாகக் காட்டும். நஞ்சை எவ்வளவு கழுவினாலும் ரத்தம் போகாது.

இரண்டு, இது பெரியது. பிரசவ வலியே நஞ்சில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை உண்டாக்கும். கருப்பை இறுகும்போதெல்லாம் ரத்தம் நிற்கிறது, தளரும்போது பாய்கிறது. கேம்பிரிட்ஜில் 2007-ல் இதைக் காட்டினார்கள். என் ஆய்வில் பிரஷர் வந்தவர்களில் பலருக்கு வலி வருவதற்கு முன்பே ஆபரேஷன், ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் சுகப்பிரசவம். நான் ஒப்பிட்டது ஒரே நிலையில் இருந்த நஞ்சுகளையே இல்லை. வித்தியாசம் உண்மையில் நான் கண்டதைவிடப் பெரிதாகவே இருந்திருக்கலாம். எப்படியானாலும் என் எண்கள் நம்பத்தக்கவை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் வந்து முடிந்த பிறகு எடுத்த துண்டில் தீ எது, புகை எது என்று எப்படிப் பிரிப்பது? ஆய்வேடு அலமாரியில் தங்க எழுத்தோடு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 16, இரவு 10.40

ஒருவர் மெக்சிகோ ஆய்வைக் காட்டி மடக்கியிருக்கிறார். நியாயம். 2011-ல் வந்தது, அபாயம் அதிகமுள்ள 672 பெண்கள். எல்-ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் ஆன்டி ஆக்சிடன்ட் வைட்டமின்களும் கலந்த உணவுக் கட்டி கொடுத்தார்கள். வெற்றுக் குழுவில் 30 சதவீதம், கலவைக் குழுவில் 13. வைட்டமின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நடுவில் 22.5, ஆனால் அந்த இறக்கம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான். ஆர்ஜினைனிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது, ஆகவே மார்ச் 7-ல் நான் சொன்ன வேதியியலோடு இது பொருந்தத்தான் செய்கிறது. முரடனைத் துரத்தாமல், அவன் பறிப்பதை ஈடுகட்டுவது. ஆசையாக இருக்கிறது. 1999-லும் ஆசையாகத்தான் இருந்தது. இன்னும் பெரிய ஆய்வு வரட்டும்.

மார்ச் 20, இரவு 9.20

"நஞ்சு வெளியே வந்தால் நோய் போய்விடும் இல்லையா, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வேர் போய்விடும். ஆனால் ஆட்டம் உடனே நிற்காது. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் உச்சத்துக்குப் போகலாம், பெரும்பாலும் அப்போதுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு ஐந்தாம் நாள் 164/108. எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்றார்கள், என் தலைவலியைத் தூக்கமின்மை என்றார்கள். நான் மட்டும் சந்தேகப்பட்டுக் கேட்டு அளக்க வைத்தேன். ஆறு வாரம் வரைகூட வலிப்பு வரலாம்.

மெக்னீசியத்தைப் பற்றி விட்டுவிட்டேன். 33 நாடுகளில் 10,141 பெண்கள், 2002-ல் முடிவு. வலிப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. பாட்டில் விலை அற்பம், வேதியியல் பள்ளிக்கூடத்துப் பாடம். எது வேலை செய்யும் என்பதில் என் போன்றவர்களின் அழகான கொள்கைகளுக்கு எந்த மரியாதையும் இல்லை.

ஏப்ரல் 6, மாலை 5.10

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: 16 வாரம், ஆஸ்பிரின் ராத்திரி தவறாமல், கால்சியம் சேர்த்தாயிற்று, வீட்டு மிஷினில் 112/70. மனைவிக்கு மட்டுமே அளக்காமல் தானும் போட்டுப் பார்த்தாராம், 146/94. டாக்டரைப் பாருங்கள் ஐயா. உங்களுக்கு நஞ்சு ஒரு சாக்கு இல்லை.

என்னைக் கேட்டதற்கு: நேற்று 134/86, மாத்திரையோடு. இந்த நோய் வந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்குப் பிரசவமான ஆறாவது வருடமே நிரந்தரப் பிரஷர் வந்துவிட்டது. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக 2009-ஐச் சொல்லிவிடுகிறேன். அவர்களாகக் கேட்பதில்லை.

ஏப்ரல் 6, இரவு 10.00

82 ஆயிரம் சரியா என்று எனக்கே சந்தேகம் வந்து பழைய ரிப்போர்ட்டைத் தேடினேன். சரிதான். அதே பெட்டியின் அடியில் அந்த 2009 வைட்டமின் ஈ டப்பாவும் கிடந்தது. மாத்திரைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. மூடியைத் திறந்தால் குப்பென்று காறிய எண்ணெய் வாடை.